டீக்கடைக்கு எதிரே என் முதல் கலைப்படைப்பு

இருபத்து மூன்று வயதில் எனக்குக் கலைத் தாகம் எடுத்தது. தண்ணீர்த் தாகம் என்றால் ஒரு சொம்போடு அடங்கிவிடும். இந்தத் தாகத்துக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தான் பாடுபட வேண்டும். என் விஷயத்தில் பாடுபட்டவர்கள் என் தாய்மாமன்கள் இருவரும், விக்கிரமங்கலத்தில் அன்று காலை பஸ்ஸுக்கு நின்றிருந்த பொதுமக்களும்தான். இத்தனை வருஷம் கழித்து அவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

இப்போது அரியலூரில் சொந்தமாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். அப்போது ஜெயங்கொண்டத்தில் முருகேசன் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். டிசைனர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். என் வேலை தலை வெட்டுவது. (கம்ப்யூட்டரில்தான்.) காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், புதுவீடு எதுவானாலும் வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர்களின் போட்டோக்களை ஒரு கவர் நிறையக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு தலையையும் கழுத்தோடு நறுக்கி, ஓரத்தைத் தேய்த்து, பேனரில் வரிசையாக அடுக்க வேண்டும். மேலே பெரியவர்கள், அடுத்து தாய்மாமன்கள், அப்புறம் பங்காளிகள், மாப்பிள்ளைகள், கடைசி வரிசையில் 'மழலைச் செல்வங்கள்'.

இந்த அடுக்குக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாய்மாமன் தலை சித்தப்பா தலையைவிடச் சிறுத்துவிட்டால் அவர் மொய்க் கவரைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு ஏறி நின்று, பேனரில் இருந்த தன் முகத்தையும் பங்காளி முகத்தையும் சாண் போட்டு அளந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

முருகேசன் அண்ணனுக்கு இதில் ஒரு வருத்தமும் கிடையாது. "ஜனங்க பேனர்ல என்னா பாக்குறாங்கன்னு நெனைக்கிற? அவங்கவங்க மூஞ்சிய பாக்குறாங்க. அதாம்மா டிசைனு. மிச்சமெல்லாம் பேக்ரவுண்டு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போய், நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து சிற்பங்களை வரைந்து பழகுகிறவள் நான். திங்கட்கிழமை வந்து 'மாப்பிள்ளை' வரிசையில் பதினோராவது தலையை வெட்டிக்கொண்டிருப்பேன். என் திறமை முழுக்க மற்றவர்களின் காதோரத்தைத் தேய்ப்பதில் வீணாகிறது என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், உள்ளே தூங்கும் படைப்பாளியைத் தட்டி எழுப்பும் ஒருநாள் பயிற்சி நடந்தது. பயிற்சி தந்தவர் சித்திரை வெயிலில் கோட்டு போட்டிருந்தார். மேடையில் இருந்த மூன்று ஃபேனும் அவர் பக்கமே திரும்பியிருந்தன. "நீங்கள் செய்யும் வேலையில் நீங்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கூட்டத்தை நீக்குங்கள். வெற்றிடம் பேசட்டும். உங்கள் ஆன்மாவை வேலையில் வையுங்கள்!" என்றார். பிறகு கண்களை மூடிப் பத்து வருஷம் கழித்து நாம் எப்படி இருப்போம் என்று பார்க்கச் சொன்னார். மதியம் பிரியாணி போட்டிருந்ததால் மூடிய கண்களைப் பாதிப் பேர் திறக்கவே இல்லை. நான் மட்டும் தெளிவாகப் பார்த்தேன். கழுத்தில் கேமரா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஏதோ ஒரு வெளிநாட்டு மேடை, கைதட்டல். (நான் விக்கிரமங்கலத்தில் ஓட ஓட விரட்டப்பட்டது அந்தக் காட்சியில் வரவில்லை.)

மறுநாளே அவர் சொன்ன மூன்று கட்டளைகளையும் மஞ்சள் துண்டுத் தாள்களில் எழுதி மானிட்டரைச் சுற்றி ஒட்டிவிட்டேன். முருகேசன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஆன்மாவ வையின்னு எழுதியிருக்கியே, எத்தினி இஞ்சுல வைக்கணும்னு பார்ட்டி சொல்லிச்சா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. ஏதோ ஆர்டர் என்றே நினைத்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் என் ஆன்மாவுக்கு வாய்ப்பு வந்தது. விக்கிரமங்கலத்தில் இருக்கும் என் சின்ன மாமா செல்வராசு வீடு கட்டி முடித்திருந்தார். கடைக்கால் தோண்டியதிலிருந்து நிலை வைத்துப் பூசி முடிக்க ஐந்து வருஷம் ஆகியிருந்தது. முந்திரி விளைந்த வருஷம் சுவர் ஏறும், விளையாத வருஷம் அப்படியே நிற்கும். பால் காய்ச்சும் நாள் குறித்ததும் அவர் ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார்.

"பாப்பா, பேனர நீதான் போடணும். உனக்குப் புடிச்சாப்ல போடு. நான் ஒன்னும் சொல்லமாட்டேன்" என்றார். ஆனந்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதனால் அடுத்து அவர் சொன்னது காதில் விழுந்ததே தவிர, மனசில் விழவில்லை.

"ஒன்னே ஒன்னு. பெரியவரு போட்டோவ மட்டும் மேல வச்சிடு. நல்லா பெருசா. டீக்கடைக்கு நேரெதிர்ல கட்டச் சொல்லு. காலைல பால் ஊத்த அவரு அங்கதான் வருவாரு. அத பாத்துட்டாவது வூட்டுக்கு வரட்டும். அவரு வராம பால் காச்சுனா எனக்கு அது வூடு மாதிரியே இருக்காது."

பெரியவர் என்றால் என் பெரிய மாமா கலியபெருமாள், சின்ன மாமாவின் ஒரே அண்ணன். இருவரும் பேசிக்கொண்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. வரப்புத் தகராறோ வழக்கோ கிடையாது. சின்ன மாமாவின் மகளுக்குக் காது குத்தியபோது எங்கேயோ அடித்த பேனரில் பெரிய மாமாவின் தலை இரண்டாவது வரிசையில், ஒரு வார்டு உறுப்பினருக்குக் கீழே, சின்ன அத்தையின் தம்பியைவிடச் சிறியதாக வந்துவிட்டது. அவ்வளவுதான். அன்று சாப்பிடாமல் போனவர்தான். புதுவீட்டுக்கு அழைக்கச் சின்ன மாமா தாம்பூலத் தட்டோடு போனபோதுகூட, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனவர் திரும்பவே இல்லை. அழைப்பிதழை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார் சின்ன மாமா. என் அம்மா அந்த இரண்டு அண்ணன்களுக்கும் ஒரே தங்கை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், தனித்தனியாக அழுதுவிட்டு வருவார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

முருகேசன் அண்ணன் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போய்விட்டார். கடைச் சாவி என்னிடம். என்னைத் தடுக்க ஆளில்லை. சின்ன மாமாவை ஒரு மாதத்துக்கு முன்பு நான் எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. கதவு வைக்காத நிலைப்படியில் ஒரு கையை ஊன்றி, முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே சிமெண்ட் மூட்டை கிடந்ததால் மழை வருமா என்று பார்த்தார். போட்டோவில் என்னவோ இந்த உலகத்து ஆசையெல்லாம் தீர்ந்த மனிதர்போல் இருந்தார்.

அதைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். சுற்றிலும் இருட்டு. கீழே இடது மூலையில் எரிகிற ஒற்றைக் குத்துவிளக்கு, அந்தச் சுடரில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். நடுவே 'செல்வராசு' என்று பெயர். பெயருக்குக் கீழே, கடைக்கால் தோண்டிய தேதியும் பால் காய்ச்சும் தேதியும், இடையில் ஒரு சின்னக் கோடு. அதற்கும் கீழே 'ஒரு மனிதன். ஒரு பயணம். ஓர் இல்லம்.' விழா விவரத்தை எங்கே போடுவது? அது இருந்தால் வெற்றிடம் பேசாது. ஆகவே வலது ஓரத்தில் எறும்பு அளவில், சாம்பல் நிறத்தில் வைத்தேன். ரசனை உள்ளவர்கள் தேடிப் படித்துக்கொள்வார்கள்.

பெரிய மாமாவின் போட்டோவை வைத்துப் பார்க்காமல் இல்லை. நீலத் துணிக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்து, மீசையை முறுக்கிவிட்டு எடுத்த படம். எங்கே வைத்தாலும் அந்த மீசை என் வெற்றிடத்தைப் பேச விடவில்லை. எடுத்துவிட்டேன். மற்ற சொந்தங்களின் நாற்பது போட்டோக்களும் கவரிலேயே கிடந்தன. மாலையில் சின்ன மாமா போன் செய்தார்.

"பெரியவரு போட்டோ வச்சிட்டியா பாப்பா?"

"சூப்பரா வந்திருக்கு மாமா. நாளைக்கு நேர்ல பாருங்க, சர்ப்ரைஸ்!" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. கலைஞர்கள் சிறு விஷயங்களைக் கடந்துபோக வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பேனர் கட்டும் தங்கராசு அண்ணனோடு டீக்கடைக்கு எதிரே நின்றேன். வழக்கமாக அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கட்டுவார். அன்று சுருளைப் பிரித்ததும் பேச்சு நின்றுவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு முடிச்சையும் மெதுவாகப் போட்டார். டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "இப்ப எப்படிம்மா எறங்கும்?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு டிசைன் ஒரு மனிதரை இப்படி உலுக்குமா என்று எனக்கே சிலிர்த்தது.

சாலைக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்று, மக்கள் என் படைப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டே இருந்ததால் யார் பேசுவதும் கேட்கவில்லை. பார்க்க மட்டும்தான் முடிந்தது. டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். உள்ளே போய்ப் பாட்டை நிறுத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்! இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்து அங்கேயே நின்று யாருக்கோ அனுப்பினார்கள். வேலை பார்த்த இரண்டு வருஷத்தில், நான் வெட்டிய ஆயிரக்கணக்கான தலைகளில் ஒன்றைப் பார்த்துக்கூட ஒருவர் கண்கலங்கியதில்லை. இங்கே வரிசையாகக் கண்ணைத் துடைக்கிறார்கள். பெரம்பலூர் கோட்டுக்காரரை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எட்டு மணிக்குப் பெரிய மாமா வந்தார்.

டிவிஎஸ் வண்டியில் பின்னால் பால் கேன். டீக்கடை ஓரம் நிறுத்தக் காலை ஊன்றியவர் தற்செயலாகத் திரும்பினார். பார்த்தார். வண்டி கையை விட்டுச் சாய்ந்தது. கேன் உருண்டு, பால் அவ்வளவும் தார் ரோட்டில் ஓடியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனருக்கு மிக அருகில் போய், மேலிருந்து கீழாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எதையோ தேடுவதுபோல் பார்த்தார். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, வாய் கோணி அழுதபடி சின்ன மாமா வீட்டுத் தெருவுக்குள் திருப்பினார்.

ஏழு வருஷம் சொந்தபந்தம் அத்தனை பேரும் பேசிப் பார்த்துத் தீராத பகை. மொத்த ஊரையும் நீக்கி, ஒரு விளக்கை மட்டும் வைத்து நான் தீர்த்துவிட்டேன். கலை என்றால் இதுவல்லவா என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

தெரு திரும்பும்போதே ஒப்பாரி கேட்டது.

சாமியானா போட்டிருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. (எங்கள் ஊரில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே சாமியானாதான், ஒரே நாற்காலிதான்.) நாற்காலிகளுக்கு நடுவே ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். பந்தலில் வாழைமரம் கட்டியிருந்ததை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கையில் ரோஜா மாலையோடு நான்கைந்து ஆண்கள் தயங்கி நின்றார்கள். வீட்டுக்குள் ஹோமப் புகையும், ஸ்பீக்கரில் நாதஸ்வரமும். உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே நடப்பது தெரியவில்லை. பெரிய மாமா வாசலில் மண்டி போட்டுவிட்டார்.

"டேய் செல்வராசு... அண்ணங்கிட்ட ஒரு வார்த்த பேசாம போயிட்டியேடா... பால் காச்சறதுக்குள்ள போயிட்டியேடா..."

அந்தக் குரல் நாதஸ்வரத்தையும் தாண்டி உள்ளே போனது. புகைக்குள்ளிருந்து புது வேட்டியும், நெற்றி நிறைய விபூதியும், கழுத்தில் மாலையுமாகச் சின்ன மாமா வெளியே வந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் 'வீல்' என்று கத்திக்கொண்டு நாற்காலிகளோடு சரிந்தார்கள். சின்ன மாமாவுக்கு அவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. மண்டியிட்டிருந்த அண்ணனை மட்டும்தான் பார்த்தார். பேனரில் தான் பெரிதாக வைக்கச் சொன்ன போட்டோ வேலை செய்துவிட்டது என்று நினைத்து முகமெல்லாம் மலர்ந்துபோனது.

"அண்ணே! வந்துட்டியாண்ணே! நீ வருவேன்னு எனக்குத் தெரியும்ணே!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார்.

பெரிய மாமா எழுந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். கையைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார். அதே கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அறைந்த கையாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"நான் பாலைக் கொட்டிட்டு ஓடியாரேன், நீ மாலையப் போட்டுக்கிட்டு நிக்கிறியாடா? எவன்டா உனக்கு அந்தச் சாவு பேனர கட்டுனது?"

"சாவு பேனரா? அதுல உன் போட்டோவ மேல, பெருசா..."

"எங்கடா என் போட்டோ?" பெரிய மாமாவின் குரல் உடைந்தது. "தம்பி போயிட்டான்னு நெஞ்சு நின்னு போச்சு. அப்பவும் தேடுனேன்டா. அண்ணன்னு ஒரு மூலையில, தலமாட்டுலயோ கால்மாட்டுலயோ ஒரு சின்ன போட்டோ இருக்கான்னு மேலேருந்து கீழ வரைக்கும் தேடுனேன். ஒன்னும் இல்ல. சாவுலகூட என்னைய சேத்துக்கலியேடா நீ."

நாதஸ்வரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். சின்ன மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அண்ணன் போட்டோவ வைக்கலியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அப்படிக் கேட்டதைத் தாங்க முடியவில்லை. அந்த மனிதர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இல்ல மாமா... வெற்றிடம்..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் சொல்ல எனக்கே கூசியது.

அதற்குள் அம்மா, யாரோ ஒருவரின் செல்போனில் வந்திருந்த என் கலைப்படைப்பைப் பார்த்துவிட்டார். "ஏன்டி, கடையில கலரு மை தீந்து போச்சா? உசுரோட இருக்குற மனுசனுக்கு விளக்கேத்தி, தேதி போட்டு வச்சிருக்கியேடி! எங்க அண்ணன எத்தன நாளா தீத்துக்கட்டப் பாத்துக்கிட்டு இருந்த?" என்று துடைப்பத்தை எடுத்தார். சாமியானாவை இரண்டு சுற்று சுற்றினேன். இரண்டாவது சுற்றில், அழ வந்திருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் கோபம் இருக்குமல்லவா? இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் சின்ன அத்தையின் போன் அடித்தது. யாரோ ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறவர். வாட்ஸ்அப்பில் பேனரைப் பார்த்தாராம், பாக்ஸை எத்தனை மணிக்கு அனுப்பலாம் என்று மிகுந்த பணிவோடு கேட்டார். அத்தை தன் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேண்டாங்க. ஆளு சுடச்சுட இருக்காரு" என்று வைத்தார். முதலில் சிரித்தது பெரிய மாமாதான். கண்ணில் தண்ணீர் காயாமலேயே, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் யாரை நிறுத்துவது? மாலை கொண்டுவந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள், அதைச் சின்ன மாமா கழுத்திலேயே போட்டார்கள்.

அண்ணனும் தம்பியுமாக நின்று பால் காய்ச்சினார்கள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பந்தியில் இலை போட்டதும் பெரிய மாமா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"பேனர மாத்துனாத்தான் நான் கைய நனைப்பேன். போட்டோவுல இல்லாதவன் பந்தியில மட்டும் எதுக்கு?"

அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. சின்ன மாமாவின் முகம் மறுபடி வாடியது. அண்ணன் சாப்பிடாவிட்டால் தானும் சாப்பிடப் போவதில்லை என்று அவரும் இலையிலிருந்து எழுந்துவிட்டார். மணி பத்தரை.

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் என் பையில் இருந்தது. சாமியானாவின் நடுவில் ஒரு நாற்காலியில் அதை வைத்து, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன். முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கும்பகோணத்திலிருந்து வந்து, தன்னிடம் இருந்த இன்னொரு சாவியால் கடையைத் திறந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆன்மாவ எடுத்துட்டு ஆளுங்கள வை. பன்னெண்டுக்குள்ள ஃபைல அனுப்பு" என்றார்.

பையிலேயே கிடந்த கவரைப் பிரித்துப் போட்டோக்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் செல்போனில் எடுத்து லேப்டாப்பில் ஏற்றினேன். அடுத்த நொடி என் முதுகுக்குப் பின்னால் முழு சொந்தமும் வந்து நின்றது. "என்னைய கொஞ்சம் செவப்பாக்கு." "எம்மவள அவ மாமியாருக்குப் பக்கத்துல வைக்காத." "அழ வந்தோம்ல, எங்களையும் போடு." பெரிய மாமா பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் மீசை வெட்டுப்படாமல் வருகிறதா என்று கண்காணித்தார். எரிச்சல் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் பேச்சு இருக்கிறதா, யார் பக்கத்தில் யார் இருந்தால் இருவருக்கும் சந்தோஷம், யாரை ஒரு அரை இஞ்சு உயர்த்தினால் ஒரு பழைய வருத்தம் தீரும் என்று ஒவ்வொன்றாக யோசித்து வைத்தேன். சோழபுரத்துச் சிற்பங்களை வரைந்தபோதுகூட நான் இப்படி ஒன்றிப்போனதில்லை.

தனம் சின்னம்மா மட்டும் பந்தல் காலோரம் தள்ளி நின்றார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. சிறு வயதிலேயே கணவனை இழந்தவர் என்பதால் எந்த விசேஷப் பேனரிலும் அவர் முகத்தை யாரும் போட்டதில்லை. கவரிலும் அவர் படம் இல்லை. "சின்னம்மா, போட்டோ குடுங்க" என்றேன்.

"எனக்கெதுக்குடி? ஆதார் கார்டுல ஒன்னு இருக்கு. அதுல நான்தான்னு எனக்கே தெரியாது" என்று சிரித்து மழுப்பினார். எழுந்து போய், வாழைமரத்தடியில் அவரை நிறுத்திச் செல்போனில் எடுத்தேன். எடுப்பதற்குள் மூன்று முறை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அவரை அம்மாவுக்குப் பக்கத்தில், அம்மா அளவுக்கே வைத்தேன். பெரிய மாமா பார்த்துவிட்டு, "அங்கதான் வைக்கணும்" என்றார்.

மொத்தம் நாற்பத்தாறு தலைகள். துளி வெற்றிடம் கிடையாது. ஒன்றரை மணிக்குத் தங்கராசு அண்ணன் புதுப் பேனரைக் கொண்டுவந்து வாசலிலேயே கட்டினார். (சின்ன மாமாவை நேரில் பார்த்ததும் அவர் ஒரு நிமிஷம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் மறுத்த டீயை அப்போது கேட்டு வாங்கிக் குடித்தார்.) எல்லோரும் போய் அதன் முன்னால் நின்றார்கள். அவரவர் முகத்தைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், தொட்டுக் காட்டினார்கள். தனம் சின்னம்மா எல்லோரும் நகரும்வரை காத்திருந்து, தனியாகப் போய்ப் பார்த்தார். பெரிய மாமா முதல் வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில், எல்லோரையும்விடப் பெரிதாக இருந்த தன்னைப் பார்த்துவிட்டு, "சரி, எலையப் போடச் சொல்லு" என்றார். இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் ஊரே அழுதது, எனக்கு அப்போதுதான் வந்தது.

பெரம்பலூர்க்காரரை நான் குறை சொல்லமாட்டேன். வேலையில் நான் இருக்கிறேனா என்று கேட்டார், நல்ல கேள்விதான். அன்று காலை பேனர் முழுக்க நான் மட்டுமே இருந்தேன், மாமாகூட இல்லை. இப்போதும் தலை வெட்டும் வேலைதான் செய்கிறேன். அலுப்பு வரும் நாட்களும் உண்டு. ஆனால் எந்தக் கவர் வந்தாலும், "இதுல யாரு வராம இருக்காங்க?" என்று ஒருதடவை கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் ஒரு பெயர் வருகிறது. சொல்லும்போது குரல் மாறுகிறது. அங்கிருந்துதான் எனக்கு வேலை சூடு பிடிக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இன்றும் யாருக்காவது லேசாகக் காய்ச்சல் என்றாலே, "பவிகிட்ட சொல்லிட்டீங்களா, போர்டு ரெடி பண்ணட்டும்" என்று என் பெயரை இழுப்பார்கள். சின்ன மாமா போனை எடுக்கத் தாமதமானால், "மறுபடி போட்டுட்டாளா?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

போன தை மாதம் பெரிய மாமா அரியலூருக்கு என் கடைக்கு வந்தார். அதே நீலத் துணிப் படத்தை மேசையில் வைத்தார்.

"எனக்குன்னு ஒன்னு இப்பவே போட்டு வச்சிடு பாப்பா. அப்பறம் அவசரத்துல நீ கறுப்பு வெள்ளையில எதையாவது பண்ணிப்புடுவ."

"என்ன மாமா பேச்சு இது?" என்று கோபித்துக்கொண்டேன். அவர் கேட்பதாக இல்லை. கலரில் இருக்க வேண்டும், ஒரு ஆள் விடுபடக்கூடாது, தம்பி தனக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும் என்று விரல்விட்டுச் சொன்னார்.

"தம்பி போட்டோ எவ்ளோ பெருசு மாமா?"

"எனக்குச் சரிசமமா போடு. என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன்" என்றபடி எழுந்து வாசல் வரை போனார். செருப்பை மாட்டியவர், கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒரு இஞ்சு கம்மியாவே இருக்கட்டும். அண்ணன்னு ஒரு மரியாத இருக்குல்ல."

அப்படியே வைத்திருக்கிறேன். சின்ன மாமாவிடம் இன்னும் காட்டவில்லை.